புழங்கும் அழகு: டெபோரா ஸ்மித்தின் கலங்களை முன்வைத்து

தகடூர் மண்ணில் இலக்கியம் பேசும் எவருக்கும் புறநானூற்றின் 95ஆம் பாடல் சொந்த வீட்டுச் சொத்தைப் போன்றது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது அது. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கும் வேல்களை அவர் புகழ்வது போலப் பழித்தார். பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களைப் பழிப்பது போலப் புகழ்ந்தார். வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். தருமபுரிக்காரர்கள் என்ற முறையில் சற்றுக் கூடுதலான பெருமிதத்தோடு படித்திருக்கிறோம்.

இந்தப் பெருமிதத்தோடு கூடவே ஒரு சமன்பாடும் நம் மனத்தில் படிந்துவிட்டது என்பதுதான் எங்கள் ஐயம். அழகு செய்யப்பட்டது புழங்காதது. புழங்குவதற்கு அழகு தேவையில்லை. ஔவை பேசியது ஒரு மன்னனின் போர்ப் பழக்கமின்மையைப் பற்றி. நாமோ அதை எல்லாப் பொருள்களுக்கும் நீட்டிக்கொண்டோம். இலக்கியத்தில் ‘அலங்காரம்’ என்ற சொல்லே நம் சிற்றிதழ்ச் சூழலில் ஏறக்குறைய வசைச்சொல். வீட்டில் நிலைமை இன்னும் தெளிவு. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தேநீர்க் கோப்பைகள் ஆறும் அவற்றின் தட்டுகள் ஆறும் திருமணப் பரிசாக வந்த நாள் முதல் அப்படியே இருக்கும். வந்தவர்களுக்குத் தேநீர் எவர்சில்வர் தம்ளரில் வரும். நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறிய தொண்டைமான்.

இந்தச் சமன்பாடு தவறு என்பதற்கு நம் அருகிலேயே, புதுச்சேரியில், அரை நூற்றாண்டுக் காலச் சான்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ‘பீங்கான்’ பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொல். ஊறுகாய் ஜாடியும் பீங்கான், மின்கம்பத்து வெள்ளைக் குமிழும் பீங்கான், கழிவறைத் தொட்டியும் பீங்கான். பளபளப்பான பூச்சு இருந்தால் போதும், தமிழுக்கு அது பீங்கான்தான். மட்பாண்டக் கலைஞர்களோ இங்கே கோடு கிழிக்கிறார்கள். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மஞ்சளுமாக நம் பாட்டிமார் உப்பும் புளியும் போட்டுவைத்த ஜாடி உண்மையில் ஸ்டோன்வேர். கல்லைப் போல இறுகிச் சுட்ட களிமண். ஒளி ஊடுருவும் வெண்மையும் தட்டினால் மணியோசையும் உடையதுதான் அசல் பீங்கான், போர்சலின். வெண்களி ஏறக்குறைய பாதி, மீதிப் பாதியில் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்சும். களி உடலைத் தருகிறது. ஃபெல்ஸ்பார் சூளையில் உருகி எல்லாவற்றையும் பிணைக்கிறது. குவார்ட்ஸ் சரிந்துவிடாமல் தாங்குகிறது. 1300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இவை மூன்றும் ஒன்றாகின்றன. குவார்ட்ஸ் என்றதும் அந்நியமாகத் தோன்றலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இருட்டில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பார்க்கும் வெங்கச்சாங்கல்தான் அது. பென்னாகரம், அரூர் வட்டங்களில் கனிமப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குக் கிடைக்கிறது.

டெபோரா ஸ்மித்தின் பட்டறையில் உருவானவை பெரும்பாலும் ஸ்டோன்வேர் கலங்களே. சீனத்து வெண்பீங்கானை அங்கே தேட வேண்டாம். ஆயினும் பீங்கானை அழகு செய்வது பற்றிய எந்தச் சிந்தனைக்கும் அவருடைய வழி முதன்மையானது என்று கருதுகிறோம்.

அவர் அமெரிக்கர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சூசன் பீட்டர்சனிடம் மட்பாண்டக் கலை பயின்றவர். பிறகு ஜப்பானுக்குப் போய் பிசென் மரபின் பெரும் கலைஞரான யமமோட்டோ தோஷுவிடம் கற்றார். பிசென் கலங்களுக்குப் பூச்சே கிடையாது. விறகுச் சூளையின் தீ நாக்கும் சாம்பலும் எங்கே படுகின்றனவோ அங்கே நிறம். மனிதக் கை விலகி நின்று நெருப்பை வரைய விடும் முறை அது. இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தவர் மாஷிகோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஷோஜி ஹமாதா. அவருடைய பட்டறையை ஆவணப்படுத்த பீட்டர்சன் சென்றபோது ஜப்பானிய மொழி அறிந்த டெபோரா உடனிருந்தார். அந்த நூல் 1974இல் வெளிவந்தது.

ஹமாதாவின் பின்னணியைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. யனகி சோயெட்சு, ஹமாதா, கவாய் கன்ஜிரோ ஆகியோர் 1925இல் ‘மிங்கெய்’ என்ற சொல்லை உருவாக்கினர். மக்கள் கைவினை என்று பொருள். பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்காக ஏராளமாகச் செய்தவற்றில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச் இந்தச் சிந்தனையை மேற்கே கொண்டுபோனார். 1920இல் ஹமாதாவையும் அழைத்துக்கொண்டு சென்று இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை அமைத்தார். இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. மட்பாண்டத் தொழில்நுட்பம் கற்க 1919இல் ஜப்பான் போன குர்சரண் சிங் அங்கே இந்த வட்டத்தோடு பழகியவர். பின்னாளில் டெல்லி புளூ பாட்டரியை நிறுவியவர். ஆகவே டெபோரா ஸ்மித் புதுச்சேரிக்கு வந்தபோது வெறும் சக்கரத்தொழில் தெரிந்த வெளிநாட்டுப் பெண்ணாக வரவில்லை; ஒரு நீண்ட வாதத்தின் கண்ணியாக வந்தார்.

1971இல் அவரும் ரே மீக்கரும் சேர்ந்து அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஆசிரமச் சூழலில் முளைத்த சிறு பட்டறை. எரிபொருள் கடற்கரை மாவட்டங்களில் மலிந்திருந்த சவுக்கு விறகு. வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. மீக்கர் சூளைகளைக் கட்டினார், மாணவர்களுக்குக் கற்பித்தார், பின்னர் பெரிய சிற்பங்களுக்குப் போனார். (1980களின் நடுவிலிருந்து பச்சை மண்ணால் வீட்டையே எழுப்பி, அதற்குள் செங்கற்களை அடுக்கி, வீட்டைச் சூளையாக்கிச் சுட்டெடுத்த அவருடைய சோதனைகள் தனிக் கட்டுரைக்குரியவை.) தட்டு, கோப்பை, கிண்ணம், குடுவை என்று வீட்டுக்குப் போகும் கலங்களின் உற்பத்தியையும் வடிவமைப்பையும் டெபோரா ஏற்றார். உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார். மாணவர்களாக வந்து சென்ற ஆதில் ரைட்டர், வினீத் கக்கர், மாத்வி சுப்ரமணியன் போன்றோர் இன்று இந்திய மண்கலையின் முக்கியமான பெயர்கள். 2018இல் ஜெய்ப்பூரில் நடந்த முதல் இந்தியச் செராமிக் டிரினாலேயைத் தொடங்கிய கலைஞர் குழுவில் இந்தப் பட்டறையின் கால்வழியைக் காணலாம்.

மீக்கரைப் பற்றியும் மாணவர்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. காட்சிக்கூடத்தில் தனித்து நிற்கும் சிற்பத்தைப் பற்றி எழுதுவது விமர்சகர்களுக்கு எளிது. நாற்பது ஆண்டுகளாக ஒரே கிண்ணத்தில் ஒரே தூரிகைக் கோடு விழுந்துகொண்டிருப்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்களுக்கோ அந்தக் கோடுதான் வியப்பு.

சூளைக்குப் போகாத பூச்சு பால் வற்றிய ஏடு போல் மங்கிய வெள்ளையில் கிண்ணத்தின் மேல் காய்ந்திருக்கும். அதன் மேல் இரும்பு ஆக்சைடையோ கோபால்ட்டையோ நீரில் கரைத்துத் தூரிகையால் இடவேண்டும். காய்ந்த பூச்சு நீரை உடனே உறிஞ்சிவிடும். கை தயங்கினால் அந்த இடத்தில் கறை தடிக்கும். அழித்து எழுத வழியில்லை. எழுதும்போது தெரியும் நிறமும் இறுதி நிறமன்று. செம்மண் குழம்பு போலிருப்பது கரும்பழுப்பாகும், சாம்பல் கரி போலிருப்பது நீலமாகும். பூச்சு உருகும்போது கோடும் அதனோடு சற்று இளகி, விளிம்பு மெல்லக் கசியும். எவ்வளவு கசியும் என்பதைச் சூளையில் அந்தக் கிண்ணம் இருக்கும் இடம் முடிவு செய்கிறது. எனவே வரைபவர் நெருப்புக்கு இடம் விட்டு வரைய வேண்டும். பிசெனில் நெருப்பே வரைகிறது. மாஷிகோவில் தூரிகை வரைகிறது. இரண்டையும் கற்ற ஒருவரின் கையில் இவை ஒரு கிண்ணத்தின் வயிற்றுப்புறத்தில் சந்தித்துக்கொண்டதாகவே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

அடுத்தது திரும்பத் திரும்பச் செய்தல். ஹமாதா ஒக்கினாவாவில் பார்த்த கரும்புத் தோகையை ஓர் உருவாக்கிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதையே வரைந்தார். புதிய உரு ஏன் இல்லை என்று கேட்பது, ஒரே ராகத்தை ஐம்பது ஆண்டு பாடிய நாதசுரக்காரரைப் பார்த்து வேறு ராகம் தெரியாதா என்று கேட்பதற்குச் சமம். கோடு பழகப் பழகச் சிந்தனை கையிலிருந்து விலகுகிறது. விலகிய பிறகு விழும் கோட்டில்தான் உயிர் இருக்கிறது. பட்டறைக் கலத்துக்கு இது பொருளாதாரத் தேவையும்கூட. நூறு கிண்ணங்களில் வரைய வேண்டியவர் ஒவ்வொன்றிலும் ஒரு காவியம் எழுத முடியாது. எழுதினால் அந்தக் கிண்ணம் விலையேறி அலமாரிக்குப் போய்விடும். நான்கைந்து இழுப்புகளில் முடிவதாலேயே அது சோறுண்ணும் கிண்ணமாக இருக்க முடிகிறது. அலங்காரத்தின் சிக்கனமும் பொருளின் புழக்கமும் இப்படி ஒன்றையொன்று காப்பாற்றுகின்றன.

வெண்பீங்கானில் இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பது இன்னும் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டோன்வேரின் சாம்பலும் பழுப்பும் கலந்த தளம் வரைபவருக்குத் துணை நிற்கிறது. பீங்கானின் வெண்மை எழுதாத தாளைப் போல அச்சுறுத்துகிறது. நிரப்பு நிரப்பு என்கிறது. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் தேடி 1708, 1709 வாக்கில் போட்கர் வழியாகப் பீங்கானின் இரகசியத்தை எட்டிப்பிடித்து, 1710இல் மைசன் தொழிற்சாலையை அமைத்த பிறகு என்ன செய்தார்கள்? இடைவெளியே இல்லாமல் பூவும் பொன்முலாமும் இட்டு நிரப்பினார்கள். நம் கண்ணாடி அலமாரிக் கோப்பைகளின் ரோஜாப்பூ அந்த வழியில் வந்த எள்ளுப்பேத்தி. அச்சிட்ட ஒட்டுப்படத்தில் வந்த ரோஜாவை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கப்படாததாலேயே அது புழங்கவும் படுவதில்லை என்று எங்களில் ஒருவர் சொல்வதுண்டு. மிகை என்று தள்ளிவிட முடியவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். இரண்டும் நியாயமானவை, ஆனால் சம எடையுள்ளவை அல்ல.

அமெரிக்கப் பெண் ஜப்பானில் கற்றதைப் புதுச்சேரியில் செய்தால் அதில் நமக்கென்ன என்பது முதலாவது. இதற்கு மண்ணே விடை சொல்கிறது. கோல்டன் பிரிட்ஜிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும் அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் பக்கத்து மட்கலங்கள் கிடைத்தன. 1945இல் வீலர் அங்கே தோண்டினார். இராமநாதபுரக் கடற்கரையின் பெரியபட்டினத்தில் 1987இல் எ.சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் பங்குகொண்ட ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக வெளிப்பட்டன. கலம் என்ற தமிழ்ச்சொல்லுக்குப் பாத்திரம், கப்பல் என்று இரண்டு பொருளும் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். வரலாறு அதை மெய்யாக்கியிருக்கிறது. அலங்காரமும் நமக்குப் புதிதல்ல. கொடுமணல் முதலிய கொங்குப் பகுதி அகழாய்வுகளில் செங்காவி பூசிய, மெல்லிய வெண்கோடுகள் எழுதிய மட்கலங்கள் கிடைக்கின்றன. அவை தட்டுகளும் கிண்ணங்களும், உண்ணும் கலங்கள். அந்தக் கோடுகளை இட்ட கை சிக்கனமாகவும் விரைவாகவும் இயங்கிய கை என்பதை ஓடுகளைப் பார்த்தாலே உணரலாம். ஔவையின் காலத்தை ஒட்டிய மனிதர்கள் அழகு செய்த கிண்ணத்தில்தான் உண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு நம்மைச் சங்கடப்படுத்துவது. சக்கரத்தில் அமரும் நகரத்துக் கலைஞர் ‘ஸ்டூடியோ பாட்டர்’ ஆகிறார். தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் வேளார் குயவராகவே இருக்கிறார். முன்னவருக்கு வாழ்க்கை வரலாறு, தாக்கங்கள், அணுகுமுறை எல்லாம் உண்டு. பின்னவருக்குச் சாதி மட்டும் உண்டு. கலம் செய் கோ என்று குயவரை விளித்துத் தாழி வனையச் சொல்லும் பாடல்கள் புறநானூற்றிலேயே இரண்டு இருக்கின்றன, 228ம் 256ம். கவிஞன் ‘கோ’ என்று அழைத்த தொழிலுக்கு நாம் கொடுத்திருப்பது பொங்கலுக்கு முந்தைய வாரத்துச் சந்தையில் தரையோரம் ஒரு சாக்குவிரிப்பு.

மிங்கெய் சிந்தனையிலும் இந்தச் சிக்கல் உண்டு. பெயரற்ற கைவினைஞனின் பணிவை யனகி போற்றினார். போற்றியவர் பெயர் மட்டும் உலகறிந்தது. ஹமாதா தம் கலங்களில் கையெழுத்திடுவதை விட்டார். இருந்தும் கையெழுத்தில்லாததே அவருடைய முத்திரையாகிச் சந்தையில் விலை போயிற்று. கோல்டன் பிரிட்ஜையும் இந்தக் கேள்விக்கு வெளியே நிறுத்த எங்களுக்கு மனமில்லை. அங்கே பயின்ற உள்ளூர்ப் பணியாளர்கள் சிலர் வெளியே வந்து சொந்தச் சூளைகளை அமைத்தனர். ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்று கடைகளில் விற்கும் பலவற்றுக்கு அந்த வழிதான் மூலம். நகல்கள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நாங்கள் அதைப் பட்டறையின் மிகப் பெரிய வெற்றியாகப் பார்க்கிறோம். காட்சிக்கூடத்துக்குப் போன மாணவர்களைப் போலவே அவர்களும் மாணவர்கள்தாம். அவர்களைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும்; தமிழில் எழுத வேண்டும்.

தருமபுரிக்கு வருவோம். நம் மாவட்டத்துக் கருங்கல் மெருகேறி உலகெங்கும் போகிறது. வெங்கச்சாங்கல் வெறும் கல்லாகவே போகிறது. விருத்தாசலத்தில் அரசின் செராமிக் தொழிற்பேட்டையும் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கின்றன. தொழில்நுட்பம் அங்கே குறைவில்லை. ஆனால் பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி எடுக்கும் பொம்மைகளே அவ்வூர் அலங்காரப் பீங்கானின் அடையாளமாக நின்றுவிட்டன. கண்ணும் புருவமும் தீட்டும் கைகள் அந்தப் பட்டறைகளில் உண்டு. பொம்மைக்குப் பதில் கிண்ணத்தைக் கொடுத்து, ஒட்டுப்படத்துக்குப் பதில் தூரிகையைக் கொடுத்துப் பார்க்கும் வடிவமைப்புப் பயிற்சிதான் பெரிய அளவில் நடக்கவில்லை. சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் செராமிக் துறை இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய காலத்திலேயே அங்கே மட்பாண்டம் பாடமாயிற்று. அங்கே பயின்று வரும் இளைஞர் வேலூரையோ தருமபுரியையோ நோக்கித் திரும்ப வேண்டிய காரணம் ஒன்றையும் நாம் உண்டாக்கித் தரவில்லை.

நம் ஊர்க் குயவரின் கைக்கு எது வரும், எது வராது என்பதையும் மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும். அடிப்புறம் தடித்த பானையைச் சக்கரத்தில் எழுப்பி, உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகத் தட்டித்தட்டி மெலிதாக்குவது அவர்கள் முறை. ஏரி மண் அதற்கு இசையும். பீங்கான் களி அப்படி இசையாது. பிடிப்புக் குறைந்தது, காயும்போது வெடிக்கும், சூளையில் வளையும். வைக்கோலும் விறகும் மூடிச் சுடும் சூளையின் வெப்பமும் அதற்குப் பற்றாது. ஆகவே முதலில் ஸ்டோன்வேர்தான் சாத்தியம். டெபோரா ஸ்மித் தொடங்கியதும் அங்கேதான். ஒரு மூடுசூளை, இரண்டு சக்கரம், ஊருக்குத் தெரிந்த நான்கு குடும்பங்கள், வந்து தங்கிக் கற்றுத்தரச் சம்மதிக்கும் ஒரு கலைஞர். அரசு அருங்காட்சியகத்தின் மூலையிலோ கலைக்கல்லூரி வளாகத்திலோ ஓர் ஓட்டுக்கூரை. இதைக் கைவினைப் பொருள் கண்காட்சிக்கான திட்டமாக எழுதினால் மூன்று நாளில் முடிந்துவிடும். வீட்டுச் சமையலறைக்கான தட்டும் கிண்ணமும் என்று எழுதினால் கொஞ்சம் நிற்கலாம். விலையைக் கேட்டு நம்மவர்கள் தயங்குவார்கள் என்பதும் தெரியும். மாதம் ஒரு கிண்ணம் என்று வாங்க எங்கள் குழுவில் ஏழு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அலமாரியில் வைப்பதில்லை என்பது நிபந்தனை.

வெங்கச்சாங்கல் இங்கேயே இருக்கிறது, அரைத்தால் போதும். களியும் ஃபெல்ஸ்பாரும் லாரியில் வந்துவிடும். கோபால்ட் விலை அதிகம்தான். ஆனால் தூரிகை நுனியில் தொட்டெடுக்கும் அளவே வேண்டும் என்பதால் ஒரு கிலோ வாங்கினால் நெடுநாள் வரும்.